தாய்ப்பாறை

முதல் அமர்வுக்கு வந்திருந்தவர்கள்:

விண்கல் வகைப்பாட்டு நிலையத்தின் தலைவர்.

கனிமப் பிரிவின் மூத்த ஆய்வாளர். எந்தக் கல்லைக் கொடுத்தாலும் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்துவிடுவார். நிலையத்தில் அவருக்குப் பெயர் சீவல்.

வேதியியல் பிரிவின் மூத்த ஆய்வாளர். எந்தக் கல்லைக் கொடுத்தாலும் இடித்து அமிலத்தில் கரைத்துவிடுவார். அவர் பொடியம்மா.

பெட்டக அறையின் சாவிக்காரர்.

காவல் நிலையத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர்.

கல், கண்ணாடிப் பெட்டிக்குள்.

இறந்தவரின் தங்கை.

இறந்தவரின் மனைவி, தையல்காரி. கதவோரம், ஸ்டூலில்.

வராதவர்: இறந்தவர். வராததற்கான காரணம் ஆய்வில் உள்ளது.

இறந்தவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று வேலை முடிந்து வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் தீக்குச்சியால் நெம்பிக்கொண்டிருந்தார். தையல்காரி அவருக்கு முதுகைக் காட்டி மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மேலே ஏதோ சத்தம். அவர் நிமிர்ந்து, "யாரது மேல?" என்றார். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது, தகரக் கூரைதான். ஆனால் லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டுமுன் அப்படி ஒரு குரல் கொடுப்பது அவர்கள் தொழிலில் வழக்கம். பதில் வந்தால் தலையை இழுத்துக்கொள்ள வேண்டும். பதில் வந்தது. இழுத்துக்கொள்ள நேரம் இருக்கவில்லை.

தையல்காரி திரும்பியபோது கல் தரையில் மோதிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தெறித்த ஒரு சில்லு அவளுடைய காறையெலும்புக்குக் கீழே புகுந்தது. ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவித் தைத்த டாக்டர், "ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல இருக்கு. தொந்தரவு பண்ணலேன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

தெருவில் பேச்சு இரண்டு விதமாக இல்லை. புருஷன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாள் என்று ஒரே விதமாகத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. "வீட்டுல ரெண்டு பேர். ஒருத்தர் செத்துட்டார். பக்கத்துல ஒரு கல்லு. நானா இருந்தா என்னம்மா நினைப்பேன்? வானத்துலேர்ந்து விழுந்துச்சுன்னு அந்த நிலையத்துல எழுதி வாங்கிட்டு வாங்க, நான் கேஸை மூடிடறேன். இல்லேன்னா உங்களை உள்ள வைக்கணும். எனக்கும் வேற வழி இல்லை" என்றார். அதுவரை கூரையின் ஓட்டையை அடைக்கக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது, அது தடயம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டை வழியாகத் தினமும் ஒரு வட்ட வெயில் தரையில் இறங்கியது. மெல்ல ஊர்ந்து, அவர் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. அந்த நேரத்தில் காறையெலும்புக்குக் கீழே ஐஸ் வைத்தது போலக் குளிரும். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு, வெயில் எழுந்து போகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

நாத்தனார் சாவு வீட்டுக்குப் பிறகு அவளை அண்ணி என்று கூப்பிடவில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமி முதல் அமர்வைத் தொடங்கினார்.

"எங்க நிலையத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். இதுவரைக்கும் ஒரு கல்லைக்கூட நாங்க அவசரப்பட்டு வகைப்படுத்தினது கிடையாது. எனக்கு முன்னாடி இருந்த தலைவர் காலத்துல வந்த கல்லே இன்னும் பரிசீலனையில இருக்கு. அவ்வளவு நேர்மை. கல்லு வானத்துலேர்ந்து வந்தா மட்டும் போதாதும்மா. எங்க அட்டவணைக்குள்ளயும் வரணும்."

கல்லின் மேல் கருகிய தோல் இருந்தது. காற்றில் உரசி உருகி உறைந்த தோல். அது வானத்துக் கல் என்பதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாததை எழுதிக் கொடுப்பது நிலையத்தின் வேலை இல்லை.

"விழுந்ததை யார் பாத்தது?" என்று தலைவர் கேட்டார்.

"அவர் பாத்தாரு ஐயா" என்றாள் தையல்காரி.

"அவரைக் கூப்பிடுங்க."

"அந்தக் கல்லுதான் ஐயா அவரைக் கொன்னுச்சு."

"அப்போ பாத்தவங்க யாரும் இல்லை" என்று தலைவர் இன்ஸ்பெக்டரிடம் விளக்கினார். "பாத்தவங்க இருந்தா 'விழுந்த கல்'. இல்லேன்னா 'கிடைத்த கல்'. இந்த அம்மாவுக்கு வீட்டுக்குள்ளயே கிடைச்சிருக்கு. எத்தனை பேர் பாலைவனத்துல வெயில்ல தேடி அலையறாங்க தெரியுமா?"

சீவல் குனிந்து கேட்டார். "மேல பாத்துட்டு அவர் என்ன சொன்னாரு?"

"'யாரது மேல'ன்னாரு."

"யாரது! கல்லைப் பாத்தவர் யாரதுன்னு கேப்பாரா? ஆளைப் பாத்திருக்காரு."

இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார். நாத்தனார் தலையைத் தூக்கித் தையல்காரியைப் பார்த்தாள்.

"அது அவங்க லிஃப்ட் வேலையில சொல்றது ஐயா. குழிக்குள்ள தலையை விடறதுக்கு முன்னாடி..."

"லிஃப்ட் எங்க துறையில வராது" என்றார் தலைவர்.

"எனக்குள்ளயும் ஒரு துண்டு இருக்குங்க. இங்க" என்று தையல்காரி காறையெலும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"அது ஆஸ்பத்திரி துறை" என்றார் தலைவர். அமர்வு முடிந்தது.

கல்லை மேலிருந்து அறுக்க ஆரம்பித்தார் சீவல். அறுவை இயந்திரம் கூட்ட அறைக்குப் பக்கத்து அறையில் இருந்தது. பிளேடு கல்லைத் தொட்டதும் தீக்குச்சி அணைந்த வாசனை தாழ்வாரம் வரை வந்தது. தையல்காரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காறையெலும்புக்குக் கீழே யாரோ பல்லைப் பிடுங்குவது போல ஓர் இழுப்பு. "ஐயோ" என்றாள். பக்கத்தில் இருந்த நாத்தனார் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள்.

இரண்டாம் அமர்வில் சீவல் திரையில் படம் காட்டினார். வண்ண வண்ணமாக, மாதா கோயில் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடப்பது போல இருந்தது.

"வானத்துக் கல்லுக்குள்ள சின்னச் சின்ன உருண்டை மணி இருக்கும். மணி இருந்தா ஒரு குடும்பம். மணியே இல்லாம உருகி உறைஞ்சிருந்தா இன்னொரு குடும்பம். முக்கால்வாசி இரும்பா இருந்தா மூணாவது. இந்தக் கல்லுல பாதியில மணி இருக்கு. பாதியில இல்லை. நடுவுல கோடு போட்ட மாதிரி பிரிஞ்சிருக்கு. இதைக் கல்லுன்னு சொல்றதுக்கே எனக்குக் கூச்சமா இருக்கு."

"அவர் படம் பாக்கறவர்" என்று பொடியம்மா ஆரம்பித்தார். "கல்லோட முகத்தைப் பாத்துக் குணம் சொல்ல முடியுமா? பொடிச்சுப் பாக்கணும். நான் பாத்துட்டேன். ஆலிவின் கனிமத்துல இரும்பு இருக்க வேண்டிய அளவுல இல்லை. நிக்கல் இருக்கக் கூடாத அளவுல இருக்கு. ஆக்ஸிஜன் கணக்கு எந்தக் குடும்பத்தோட கோட்டுலயும் உட்காரலை. ஆனா அதுக்குக் காரணம் கல்லு இல்லை. சீவல் சாரோட பிளேடு. அதுலேர்ந்து கலந்திருக்கு."

"என் பிளேடு வைரம் மேடம்."

"வைரம் வாங்கினதா சொன்னீங்க."

"உங்க உரலைக் கழுவி எத்தனை வருஷம் ஆச்சுன்னு நான் கேட்டனா?"

தலைவர் இருவரையும் அமர்த்தினார். இரண்டு முடிவும் நம்பகமானவை, ஆனால் ஒன்றை ஒன்று நம்பவில்லை. ஆகையால் இருவரும் மறுபடி ஆய்வு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மறு ஆய்வுக்குக் கல் வேண்டும். கொஞ்சம் சீவினார்கள், கொஞ்சம் பொடித்தார்கள். அடுத்த அமர்வில் சீவல் பொடியம்மாவின் மறு ஆய்வைச் சந்தேகித்தார். பொடியம்மா சீவலின் மறு ஆய்வை மறு ஆய்வு செய்யக் கேட்டார். கல் குறைந்துகொண்டே போனது. பெட்டி மட்டும் அதே அளவில் இருந்தது. ஒவ்வொரு தடவை பிளேடு தொடும்போதும் தையல்காரிக்கு வலி சொல்லிவைத்தாற்போல் வந்தது. அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். "மனுதாரர் நிலைகொள்ளாமல் இருந்தார்" என்று குறிப்பில் ஏறும்.

ஒருநாள் தாழ்வாரத்தில் சாவிக்காரர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பேசுவது அபூர்வம்.

"வலிக்குதாம்மா?"

"அறுக்கறப்பதான்."

"வலிக்கும்" என்றார், தெரிந்தவர் போல. டம்ளரை வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் படியிறங்கிப் போனார்.

பிறகு, விழுந்ததா கிடைத்ததா என்பதைத் தீர்க்க, நடந்ததை நடந்த இடத்திலேயே நடத்திப் பார்ப்பது என்று முடிவானது. நிலையம் முழுவதும் தையல்காரியின் வீட்டுக்கு வந்தது. நாற்காலியில் இறந்தவராக உட்கார யாரும் முன்வரவில்லை. "கான்ஸ்டபிளைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்று இன்ஸ்பெக்டர் வருத்தப்பட்டு, கடைசியில் தானே உட்கார்ந்தார். சீவல் கூரைமேல் ஏறினார். கல்லுக்குப் பதில் பஞ்சுப் பொதி.

"நீங்க அன்னிக்கு மாதிரியே ஊசியில நூலைக் கோத்துக் காட்டுங்க" என்றார் தலைவர்.

தையல்காரி மெஷினில் உட்கார்ந்தாள். முதல் தடவையே நூல் உள்ளே போய்விட்டது.

"பாத்தீங்களா?" என்றார் பொடியம்மா. "ஒரே நொடிதான். அப்போ அன்னிக்கு நிமிர்ந்து பாக்க நிறைய நேரம் இருந்திருக்கு. பாக்கலை. ஏன்?"

"நான் தினம் பண்ற வேலைங்க. சில சமயம் போகும், சில சமயம் போகாது."

"இன்னிக்குப் போச்சே."

மேலே தகரம் கிறீச்சிட்டது. சீவல் கால் மாற்றினார் போலிருக்கிறது. நாற்காலியில் இருந்த இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யாரது மேல?" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

வெயில் வட்டம் அவருடைய முழங்காலில் ஏறியிருந்தது. நாத்தனார் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பஞ்சுப் பொதி இன்ஸ்பெக்டரின் தலையில் விழுந்து உருண்டது. அவர் எழுந்து, தொப்பியைத் தட்டிக்கொண்டே வாசலுக்குப் போய் வெளியிலேயே நின்றுவிட்டார்.

"சோதனை தெளிவான முடிவைத் தரலை" என்றார் தலைவர். "பஞ்சுக்குத் தோல் கருகலை."

எல்லோரும் போன பிறகு நாத்தனார் நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க பண்ணலைதானே?"

"நான் சொன்னா நம்புவியா?"

நாத்தனார் ரொம்ப நேரம் யோசித்தாள். "எழுதிக் குடுத்தா நம்புவேன்" என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

கடைசி அமர்வு மகிழ்ச்சியாகத் தொடங்கியது. கல் எந்தக் குடும்பத்திலும் சேரவில்லை என்பதில் சீவலும் பொடியம்மாவும் ஒத்துப்போனார்கள். அது நிலையத்தின் வரலாற்றில் முதல் தடவை. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"உறவில்லாத கல்!" என்று தலைவர் எழுந்து நின்றார். "புது வகை. இந்த வகையில உலகத்துலயே இது ஒண்ணுதான். இனிமே எங்க நிலையத்தோட பேரைச் சொல்லாம யாரும் இந்தக் கல்லைப் பத்திப் பேச முடியாது. கல்லைப் பத்தி வேற யாரும் பேச மாட்டாங்கன்னாலும், பேசினா எங்க பேரைச் சொல்லணும். இதுக்குத்தான்மா இத்தனை பாடு."

"அப்போ வானத்துலேர்ந்து விழுந்ததுன்னு எழுதிக் குடுத்துடுவீங்களா ஐயா?"

"விழுந்ததுன்னேதான் எழுதப்போறோம். புது வகைக்கு முதல் மாதிரியே 'கிடைத்த கல்'லா இருந்தா மத்த நிலையத்துக்காரங்க சிரிப்பாங்க. விழுந்ததாவே இருக்கட்டும்."

தையல்காரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தனை அமர்வும் கண்டுபிடிக்காத உண்மையை, யாரோ சிரிக்கக் கூடாது என்பதற்காக ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டார்கள். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வந்தால் போதும்.

"ஒரு சின்ன நடைமுறை இருக்கு" என்றார் தலைவர். "புது வகைன்னா மாதிரியைப் பெட்டகத்துல வைக்கணும். மிச்சமிருக்கற கல்லுல அஞ்சுல ஒரு பங்குக்குக் குறையாம. அது உள்ள போய்ப் பூட்டினப்புறம்தான் என் கையெழுத்து. சாவிக்காரரே, கல்லை எடுங்க."

சாவிக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வெல்வெட் துணி இருந்தது. துணியில் ஒரு குழி இருந்தது.

"கடைசித் துண்டு சீவல் சார்கிட்ட போச்சு" என்றார் பொடியம்மா.

"பாதியை உங்ககிட்ட குடுத்தேனே."

"கரைச்சாச்சு. உங்க சீவல்?"

"அது மெழுகுல ஒட்டி, தேய்ச்சு, ஒளி வர அளவுக்கு... அதை எடைபோட முடியாது. ஊதினா போயிடும்."

இன்ஸ்பெக்டர் மெதுவாக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "அப்போ கல்லு இல்லை. கல்லு இல்லேன்னா வகை இல்லை. வகை இல்லேன்னா... வாங்கம்மா, போலாம்" என்றார் வருத்தத்தோடு.

"இருங்க" என்றார் சீவல். அவர் தையல்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை அமர்விலும் அவர் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "முதல் நாள் இந்த அம்மா என்னமோ சொன்னாங்களே."

எக்ஸ்ரே எடுத்தார்கள். திரையில் விலாவும் காறையெலும்பும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. இடையில் ஒரு வெள்ளைச் சில்லு, உடைந்த பட்டன் அளவு.

"ஆஹா" என்றார் பொடியம்மா. அவருடைய குரல் தழுதழுத்தது.

"அஞ்சுல ஒரு பங்கு வேணும்னேன்" என்றார் தலைவர். "மிச்சமிருக்கற கல்லு மொத்தமும் இங்கதான் இருக்கு. அஞ்சுல அஞ்சு! விதியை இவ்வளவு முழுசா நிறைவேத்தின கல்லு இதுவரைக்கும் வந்ததில்லை."

"எடுத்துக்கங்க ஐயா" என்றாள் தையல்காரி. சட்டென்று அவளுக்கு உயிர் வந்துவிட்டது. "டாக்டரைக் கூப்பிடுங்க. இன்னிக்கே எடுத்துக் குடுத்துடறேன். செத்தாலும் பரவாயில்லை."

"எடுக்கறதா?" பொடியம்மா பதறினார். "கத்தி இரும்பும்மா. பட்டா மாதிரிக் கல்லு கெட்டுப்போகும். இத்தனை நாள் ரத்தத்துல இருந்திருக்கு, அதைத் தனியா பிரிச்சா கணக்கே மாறிடும்."

"கல்லைப் பொதிஞ்சிருக்கற பாறையோட சேத்துதான் வைக்கணும்" என்று சீவல் ஆமோதித்தார். "தாய்ப்பாறைன்னு சொல்லுவோம். இந்தக் கல்லுக்கு இனிமே இந்த அம்மாதான் தாய்ப்பாறை."

தையல்காரிக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. முதலில் புரிந்தது நாத்தனாருக்குத்தான். "அவங்களையா? உள்ளயா?" என்றாள்.

"நல்ல அறைம்மா" என்றார் தலைவர். "தூசி கிடையாது. ஒரே சீரான வெப்பநிலை. எனக்கே அப்படி ஒரு அறை கிடையாது. ஆனா ஒண்ணு, அழக்கூடாது. ஈரப்பதம் கூடிடும்."

தையல்காரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அவருடைய கதவு, இன்னொரு பக்கம் இவர்களுடைய கதவு. அந்தக் கதவுக்குள் போனால் கொன்றவள். இந்தக் கதவுக்குள் போனால் பாறை.

"உள்ள போனா, நான் கொல்லலைன்னு எழுதுவீங்களா?"

"உங்களைப் பத்தி எதுவும் எழுத மாட்டோம்மா. கல்லைப் பத்திதான் எழுதுவோம். வானத்துலேர்ந்து விழுந்தது, கூரையைக் கிழிச்சது, ஒருத்தர் இறந்தார்."

"கையெழுத்துப் போட்டு இவ கையில குடுப்பீங்களா? இப்பவே?"

"பூட்டினதும்."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தையல்காரி கையால் தடுத்துவிட்டு எழுந்தாள்.

கீழ்த்தளத்துக்குப் போகும் படிக்கட்டு குறுகலானது. சாவிக்காரர் முன்னால் போனார். பெட்டக அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள், அவற்றில் கறுப்புக் கறுப்பாகக் கற்கள். மூச்சு இழுத்தால் மூக்கு எரியும் அளவுக்குக் காற்று உலர்ந்திருந்தது. கடைசி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். நாற்காலியின் மெத்தையில், ரொம்ப காலம் ஒருவர் உட்கார்ந்து எழுந்த பள்ளம். கைப்பிடியில் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிந்தது.

"இது யாரோடது?"

"முன்னாடி இருந்த மாதிரியோடது."

"அவங்க எங்க?"

சாவிக்காரர் சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேடினார். "மறு ஆய்வுக்குக் கேட்டாங்க. குடுத்தேன்" என்றார்.

தையல்காரி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பள்ளம் அவளுக்குக் கொஞ்சம் பெரியதாக இருந்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம். நாத்தனார் ஓடிவந்து வாசலில் நின்றாள். உள்ளே வரக் கூடாது என்று சாவிக்காரர் கையை நீட்டினார். அவள் கையில் தாள் எதுவும் இல்லை. பூட்டிய பிறகுதான் கொடுப்பார்கள்.

"அண்ணி" என்றாள்.

தையல்காரி கண்ணைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள். ஈரப்பதம் கூடக் கூடாது.

"அந்த ஓட்டையை அடைச்சிடு. மழை வர மாதிரி இருக்கு" என்றாள். "நாற்காலியை எடுத்துத் துடைச்சு உள்ள போடு."

"எழுதிக் குடுக்க வேணாம் அண்ணி. நான் நம்பறேன். வாங்க, போயிடலாம்."

சாவிக்காரர் கதவின் விளிம்பைப் பிடித்தபடி காத்திருந்தார். அவருக்கு இந்த மாதிரிப் பேச்சு புதிதல்ல போலும். இன்ஸ்பெக்டரின் ஷூ படிக்கட்டின் உச்சியில் தெரிந்தது. அசையாமல் நின்றிருந்தது.

"நீ நம்பறே. இன்ஸ்பெக்டருக்கு எழுத்து வேணுமே" என்றாள் தையல்காரி. "போம்மா. மேல போய்க் கையெழுத்தை வாங்கிக்கோ."

பெட்டக அறைக்கு நேர் மேலேதான் கூட்ட அறை. அங்கே நாற்காலிகள் இழுபட்டன. அடுத்த அமர்வுக்கு உட்காருகிறார்கள். பக்கத்து அறையில் எதற்கோ அறுவை இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். காறையெலும்புக்குக் கீழே குளிர்ந்து வந்தது. அவள் கையால் அதைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யாரது மேல?" என்றாள்.

சாவிக்காரர் கதவைச் சாத்திப் பூட்டினார்.